வேலனும் வினாக்கொத்தும்

குறிஞ்சித் திணைப் பாடல்களிலே அடிக்கடி இடம்பெறும் நிகழ்ச்சியொன்று உண்டு. தலைவனைக் காணாத தலைவியின் மேனியிற் பசலை படர்கிறது. உணவு செல்லவில்லை, உறக்கமும் இல்லை. காரணம் தலைவிக்குத் தெரியும், தோழிக்கும் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. தாய் கட்டுவிச்சியை வினவுகிறாள். கழங்கு பார்க்கப்படுகிறது. முருகன் அணங்கினான் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் அமைக்கப்படுகிறது, ஆட்டுமறி பலியாகிறது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. சடங்கும் குறைவின்றி நடந்தேறிவிட்டது. பசலை மட்டும் நீங்கவில்லை. வெறியாட்டு என்னும் இத்துறையைச் சங்கப் புலவர்கள் வெறும் நகைச்சுவைக்காகப் பாடினர் என்று கொள்வதற்கில்லை. துயருக்குத் தவறான பெயர் சூட்டப்படுமிடத்து அத்துயரின் உண்மைக் காரணம் மறைந்துவிடும் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்றைய ஈழத்துத் தமிழ்ச் சூழலிலே வேலனுடைய இடத்தை வினாக்கொத்து பிடித்துள்ளது. இறுதியாண்டு ஆய்வுக்கெனப் பல்கலைக்கழக மாணவர் மத்தியில் விநியோகிக்கப்படுவனவற்றுள் பெயர் பெற்றது, பொதுவான பதகளிப்பு நோயைக் கண்டறிவதற்காக 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஏழு வினாக்கள் கொண்ட படிவமாகும். கடந்த இரு வாரங்களில் மனம் பதற்றமடைந்ததா, கவலையைக் கட்டுப்படுத்த இயலாதிருந்ததா, எளிதில் எரிச்சல் வந்ததா, ஏதோ பயங்கரம் நிகழப்போவதாக அச்சம் தோன்றியதா என்றவாறு அது வினவும். ஒவ்வொரு விடைக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் 21. பத்துப் புள்ளி பெற்றவர் மேலும் பரிசோதிக்கப்பட வேண்டியவர். இப்படிவம் நோயைச் சந்தேகிப்பதற்கேயன்றி நிர்ணயிப்பதற்கு உரியதன்று என்பது அதனை ஆக்கியோரே ஏற்றுக்கொண்ட விடயம். ஆயினும் ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையை அடையும்போது இந்த எச்சரிக்கை எங்கோ உதிர்ந்துவிடுகிறது. பத்துப் புள்ளி பெற்ற அனைவரும் நோயுற்றோர் ஆகிவிடுகின்றனர். தரவு பரீட்சைக்கு முந்திய வாரத்திலே திரட்டப்பட்டதா, விடுமுறையிலே திரட்டப்பட்டதா என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏழு வினாக்களிலும் 'ஏன்' என்னும் வினா இல்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரங்களில் முள்ளிவாய்க்காற் பதுங்குகுழியொன்றில் இருந்தவரிடம் இப்படிவத்தைக் கொடுத்திருப்பின் அவர் முழுப் புள்ளிகளையும் பெற்றிருப்பார். பயங்கரம் நிகழப்போகிறது என்ற அவருடைய அச்சம் முற்றிலும் சரியான கணிப்பாகும். 2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் வரிசையிலே நின்ற மீனவர், பால்மா கிடைக்காது கடை கடையாக அலைந்த தாய், விளக்கில்லாத இரவுகளிற் பரீட்சைக்குப் படித்த மாணவர் ஆகியோரும் 'கடும் பதகளிப்பு' என்ற வகுப்புக்குள் இலகுவில் அடங்கியிருப்பர். அவ்வாண்டிலே குறைந்த புள்ளி பெற்றுச் சுகதேகியாகத் தேறியிருக்கக்கூடியவர் யார் என்று சிந்தித்துப் பார்த்தல் தகும். வெளிநாட்டு நாணயத்திற் சேமிப்பு வைத்திருந்தவராக அவர் இருந்திருக்கலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. உரியதை இழத்தல், பிறரால் இழிவுபடுத்தப்படல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறல் ஆகிய நான்கினின்றும் அழுகை பிறக்கும் என்பர். அச்சத்துக்குரிய நான்கனுள் விலங்கும் கள்வரும் இடம்பெறுவதோடு, தம்மை ஆளும் தலைமையுடையோரும் இடம்பெறுகின்றனர். ஆள்வோரால் விளையும் அச்சம் என ஒரு வகையைப் பழைய இலக்கண நூலொன்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்க, இருபத்தோராம் நூற்றாண்டின் விஞ்ஞானப் படிவம் அதற்கு ஒரு கட்டந்தானும் ஒதுக்கவில்லை. தொல்காப்பியத்தை உளமருத்துவ நூலாக்கும் பழம்பெருமைப் பேச்சு அன்று இது. அத்தகைய பேச்சுத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களிலே ஏற்கெனவே வேண்டிய அளவு உண்டு. மெய்ப்பாடு தன் காரணத்தோடு சேர்ந்தே பொருள்படும் என்ற எளிய உண்மையே இங்கு வற்புறுத்தப்படுகின்றது.

வினாக்கொத்திலிருந்து காரணம் காணாமற்போனமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை ஆக்கியோருள் முதல்வரான றொபேட் ஸ்பிற்சர், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்நிர்ணயக் கைந்நூலின் மூன்றாம் பதிப்புக்குத் தலைமை தாங்கியவர். அதுவரை ஒரே நோயாளிக்கு இரு வைத்தியர் இரு பெயர் சூட்டுவது வழக்கமாயிருந்தது. மனத்தின் ஆழத்திலுள்ள காரணங்களைப் பற்றிய கோட்பாட்டுச் சண்டைகளே அதற்கு ஏதுவெனக் கருதிய ஸ்பிற்சர் குழுவினர், காரணத்தை ஒதுக்கிவிட்டு வெளியே தெரியும் குறிகளை மட்டும் எண்ணிக் கணக்கிடும் முறையை வகுத்தனர். வைத்தியர்கள் தமக்குள் உடன்பாடு காண இம்முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கோட்பாட்டுக் காரணங்களோடு வாழ்க்கைக் காரணங்களும் வெளியே தள்ளப்பட்டன. மனச்சோர்வின் வரைவிலக்கணத்தில் நெருங்கியோரின் மரணம் என்ற ஒரேயொரு விதிவிலக்கு எஞ்சி நின்றது. 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு அதனையும் நீக்கிற்று.

இவ்வளவுகோல்கள் எத்துணை உறுதியானவை என்பதற்கு ஒரு சான்று போதும். 1980ஆம் ஆண்டின் வரைவிலக்கணப்படி ஒரு மாதம் தொடர்ந்து பதகளித்தவர் நோயாளி. 1987ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு அக்கால எல்லையை ஆறு மாதமாக்கிற்று. எனவே 1986இல் மூன்று மாதம் கவலையுற்றிருந்தவர் நோயாளியாகவும், 1988இல் அவ்வாறே கவலையுற்றிருந்தவர் அந்நோய் அற்றவராகவும் இருந்தனர். இடையிலே மாறியது ஒரு குழுவின் தீர்மானமே. அதே சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கி, மறுவருடம் அங்கத்தவர் வாக்கெடுப்பினால் அதனை உறுதிசெய்தது. மிகச் சரியான தீர்மானம்; எனினும் காசநோயோ நீரிழிவோ இவ்வாறு வாக்கெடுப்பால் நீங்கியதாக வைத்திய வரலாறு கூறவில்லை. ஸ்பிற்சரும் பிற்காலத்தில் இக்குறைபாட்டை உணராதவரல்லர். சூழலைப் புறக்கணிக்கும் அளவுகோல்கள் இயல்பான துயரை நோயென மயங்கச் செய்கின்றன என்று அலன் ஹோர்விற்ஸ், ஜெரோம் வேக்ஃபீல்ட் ஆகியோர் 2007இல் எழுதிய நூலுக்கு முன்னுரை வழங்கியவர் அவரே. நான்காம் பதிப்புக்குத் தலைமை தாங்கிய அலன் ஃபிரான்சிஸ் 2013இல் இன்னும் வெளிப்படையாக ஒரு கண்டன நூலையே எழுதினார்.

மருந்துக் கம்பனிகளின் பங்கு பலரும் அறிந்ததாகையால் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. றோஷ் கம்பனி 1963இல் வாலியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1978இல் ஐக்கிய அமெரிக்காவிலே 200 கோடிக்கு மேற்பட்ட குளிசைகள் விற்பனையாயின. 1999இல் 'சமூகப் பதகளிப்பு'க்கு மருந்தாகப் பக்ஸில் அங்கு அங்கீகாரம் பெற்றதும், மனிதரே மனிதருக்கு ஒவ்வாமைப் பொருளாகிவிட்டது போன்று சித்திரிக்கும் விளம்பரங்கள் வெளியாகின. முன்னர் கூச்சம் எனப்பட்டதில் எவ்வளவு நோய், எவ்வளவு சுபாவம் என்ற கேள்வியைக் கேட்க விளம்பரத்தில் இடமிருக்கவில்லை. மேற்கூறிய ஏழு வினாப் படிவமும் ஃபைசர் கம்பனியின் நிதியுதவியோடு ஆக்கப்பட்டதே. அக்கம்பனி மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் வழங்கப்படும் சொலொஃப்ற் என்னும் மருந்தை விற்று வந்தது. இதனால் மட்டும் படிவம் பொய்யாகிவிடாது. கடை வைத்திருப்பவர் தராசையும் இலவசமாகத் தருகிறார் என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழும்; அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நோய்ப்பெயர் ஒடுக்கப்பட்டோருக்குக் கேடயமாகவும் பயன்பட்டுள்ளது என்பதே அவ்வாதம். முதலாம் உலகப் போரிலே கோழைத்தனம், படையைக் கைவிட்டோடல் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானிய இராணுவம் சுட்டுக்கொன்ற 306 படையினருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுட் பலர் நடுங்கியும் பேச்சிழந்தும் இருந்தோர். நோயாளர் என்று ஏற்கப்பட்டிருப்பின் உயிர் தப்பியிருப்பர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் போராடியதன் பயனாகவே 1980ஆம் ஆண்டுக் கைந்நூலில் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' இடம்பெற்றது. இவை உண்மையே. ஆயின் அப்படையினர் வென்றெடுத்த பெயர் எத்தகையது என்பதை நோக்க வேண்டும். தன் வரைவிலக்கணத்துக்குள்ளேயே காரணத்தைச் சுமந்து நிற்கும் மிகச் சில பெயர்களுள் அது ஒன்று. 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்டவர்களை 'உனக்கு என்ன செய்தார்கள்' என்று கேட்கவைத்த பெயர் அது. நோய்ப்பெயர் நீதியின் பக்கம் நின்ற இந்த உதாரணமே, காரணத்தை விழுங்கிவிடும் ஏனைய பெயர்களுக்கு எதிரான சாட்சியமாகவும் அமைகின்றது.

அந்தப் பெயரும் கடல்கடந்து வந்தபோது நிகழ்ந்தது வேறு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிச் சுனாமி இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்துவந்த வாரங்களிலே வெளிநாட்டு உளவளத்துணையாளர் அணி அணியாக வந்திறங்கினர். அவர்களுட் பலருக்குத் தமிழோ சிங்களமோ தெரியாது. கிழக்குக் கடற்கரை இருபது ஆண்டுப் போரைக் கண்டது என்பதும் சிலருக்குத் தெரியாது. இவ்வருகையினை அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வோட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் முழுவதிலும் விவரித்துள்ளார். இலங்கையரான உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ கண்டறிந்தது இங்கு முக்கியமானது. இந்நாட்டவர் தம் துயரை மனத்துக்குள் நிகழும் கோளாறாக அன்றி உடல் நோவாகவும், குடும்பத்திலும் ஊரிலும் தாம் வகித்த இடம் சிதைந்தமையாகவும் எடுத்துரைத்தனர் என்பதே அது. மனைவியைப் பறிகொடுத்தவர் பிள்ளைகளுக்குச் சமைக்கத் தெரியாமல் வருந்தினார் எனின், வருத்தம் அந்த அடுப்படியிலேதான் இருந்தது. போதாக்குறைக்கு, அனர்த்தத்தின் பின் உடனடியாக நடந்ததை மீட்டுரைக்கச் செய்யும் ஒருதடவைச் சிகிச்சை பயனற்றது, சிலருக்குத் தீங்கானதுமாகும் என்று 2002ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு எச்சரித்திருந்தது. யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் நோயாளரைப் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனியாளின் மனவடுவினின்றும் குடும்பத்தினதும் சமுதாயத்தினதும் கூட்டு மனவடுவை நோக்கித் தம் ஆய்வை நகர்த்தியமை தற்செயலாகாது.

இலங்கையின் தற்கொலை வரலாறு இவ்விவாதத்துக்கு இன்னும் வலுவான சான்றாகும். 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற வீதம், உலகிலேயே மிக உயர்ந்தனவற்றுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டிலும் 1998இலும் பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டுகளில், முந்திய பத்தாண்டுகளுடன் ஒப்பிடுமிடத்து ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைவாக நிகழ்ந்தன, வீதம் பாதியாயிற்று. அக்காலத்திலே போர் ஓயவில்லை, வறுமை ஒழியவில்லை, மனச்சோர்வு மாத்திரைகள் கிராமங்களை நிறைக்கவும் இல்லை. விவசாயக் குடும்பங்களிற் சினமும் அவமானமும் கணநேரத்தில் உச்சமடைந்த வேளையிலே கைக்கெட்டிய தூரத்தில் உயிர்கொல்லி நஞ்சு இருந்தது. அது அகற்றப்பட்டதும் பலர் பிழைத்துக்கொண்டனர். அவர்கள் அனைவரையும் நோயாளர் என வகுத்துச் சிகிச்சைக்குக் காத்திருந்திருப்பின், இருந்த விரல்விட்டெண்ணத்தக்க உளமருத்துவ நிபுணர்களால் அவர்களுட் சிறு பகுதியினரைத்தானும் பார்த்திருக்க முடியாது. துயரின் சூழலை மாற்றியதே அவர்களைக் காத்தது.

பல்கலைக்கழகங்களோ இதனின்று பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 'மன அழுத்த முகாமைத்துவம்' என்ற தலைப்பிற் கருத்தரங்கு நடவாத பீடம் இல்லை. அங்கே மூச்சுப் பயிற்சி கற்பிக்கப்படுகின்றது. நேரத்தைப் பகுத்துக்கொள்ள அறிவுறுத்தப்படுகின்றது. நேர்மறையாகச் சிந்திக்குமாறு வேண்டப்படுகின்றது. நால்வருக்கான விடுதி அறையில் எண்மர் ஏன் உறங்குகின்றனர், பரீட்சைப் பெறுபேறு ஏன் மாதக்கணக்கிற் தாமதிக்கின்றது, மகாபொல நிதி மாத இறுதி வரை ஏன் காணாது என்பன அக்கருத்தரங்கின் நிகழ்ச்சிநிரலில் இல்லை. பகிடிவதையின் நிலை இன்னும் வெட்கக்கேடானது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. இருந்தும் மூத்த மாணவரின் காலடியோசைக்கு இரவில் விழித்தெழும் முதலாம் வருட மாணவர் உளவளத்துணைக்கு அனுப்பப்படுகிறார். அவ்வோசைக்குரியவரை எவரும் எங்கும் அனுப்புவதில்லை. அஞ்சுபவருக்கு நோய், அச்சுறுத்துபவருக்குச் சுகம். 1851ஆம் ஆண்டில் லூசியானா வைத்தியரான சாமுவேல் கார்ட்ரைற், எசமானிடமிருந்து தப்பியோடும் அடிமைக்கு ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டுபிடித்து அதற்குக் கிரேக்கப் பெயரும் சூட்டியதை இன்றைய விரிவுரைகளில் வேடிக்கையாகக் குறிப்பிடுவர். சிரிப்பதற்கு அத்துணை தூரம் போக வேண்டியதில்லை.

உளநோய் என்பதே கட்டுக்கதை என்று 1961இல் தோமஸ் சாஸ் எழுதியது போல இங்கு வாதிக்கப்படவில்லை. உளப்பிளவை நோய் உண்டு. இருமுனை நோய் உண்டு. காரணமெதுவும் புலப்படாமலே ஒருவரை மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தி உயிரைக் கேட்கும் மனச்சோர்வும் உண்டு. துயருக்கு வெளிக்காரணம் இருந்தும் அது நோயாக முற்றி மருந்து தேவைப்படுவோரும் உளர். இவர்களுக்கு வைத்தியம் கிடைப்பதே அரிது. 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்பது இன்றும் ஏளனமாகவே வழங்குகின்றது. திருமணப் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையின் நோயை மறைக்கும் குடும்பங்கள் இல்லாத ஊர் இல்லை. இவர்களுக்கே மிகப் பெரிய அநீதி இழைக்கப்படுகின்றது. பரீட்சைப் பயத்தையும் உயிரைக் குடிக்கும் மனச்சோர்வையும் 'மன அழுத்தம்' என்ற ஒரே தொடராற் சுட்டுமிடத்து, பின்னதனால் அவதியுறுபவரிடம் 'எல்லோருக்குந்தான் மன அழுத்தம் இருக்கிறது, எழும்பி வேலையைப் பார்' என்று கூறப்படுகின்றது. எல்லாரையும் நோயாளராக்கும் அகராதியில் நோயாளர் காணாமற்போகின்றனர். 2022இன் பின்னர் வைத்தியர் பலர் நாட்டை விட்டு நீங்கிய நிலையில், கிளினிக்கின் வரிசை யாருக்காக நீள வேண்டும் என்பது ஏட்டுப் பிரச்சினையன்று.

இறுதியாக, வடக்குக் கிழக்கின் வீதியோரங்களை நோக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப்பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; நெருங்கியவரின் மரணத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கும் கடுந்துயரை அது நோயாக வகுத்துள்ளது. அதே ஆண்டின் அமெரிக்கத் திருத்தப் பதிப்பு வயதுவந்தோருக்கு ஒரு வருடம் அவகாசம் தருகின்றது. பண்பாட்டு வழக்கத்துக்கு இரு நூல்களும் விதிவிலக்கு அளிப்பது உண்மையே. ஆயின் காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயை இவ்வகுப்புக்குள் அடக்க வேண்டுமெனின், முதலில் அவர் தம் பிள்ளை இறந்துவிட்டது என ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசும் அதனையே கேட்டது. காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்றும், மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கூறினார். நோய்ப்பெயரும் சான்றிதழும் ஒரே ஒப்புதலை வேண்டி நிற்கின்றன. அதனை மறுக்குந்தோறும் அத்தாயின் துயர் நீடிக்கின்றது என்பது மெய்யே. அந்நீட்சிக்குப் பொறுப்பு அவருடைய மனத்திலா தேடப்பட வேண்டும்? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலே தொடங்கிய போராட்டத்திற் பல பெற்றோர் விடை கிடைக்காமலே மரணித்துவிட்டனர். இவர்களுக்கு உளசமூக ஆதரவு வேண்டுமெனப் பரிந்துரைக்காத அறிக்கை அரிது. கூடாரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதோ 2009 மே மாதத்திற் படையினரிடம் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியல்.